பனிமலையில் விழுந்தவர்கள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஞ்சபுராணம் ஓதி முடிந்த இச்சபையிலே எழுந்து நின்று பனிச்சறுக்கைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். நம்மிற் பெரும்பாலோர் பனிக்கட்டியைக் கண்டது சர்பத்துக் கிளாசிலே மாத்திரந்தான். மலைமுழுதும் வெண்பனி மூடிக் கிடக்க, காலிலே இரண்டு நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு அம்மலையினின்றும் மனிதர் பாய்ந்து வருவதைத் தொலைக்காட்சியிற் கண்டு வியந்ததற்கு அப்பால் நமக்கும் அவ்விளையாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை ஒளியாது முதலிலேயே கூறிவிடுகின்றோம்.

நமது சங்கத்து உதைபந்தாட்டக் குழுவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் மைதானத்திலே முழங்கால் திரும்பி விழுந்தார். சத்திரசிகிச்சை நடந்தது. அவரைப் பார்க்கச் சென்ற நாம் எல்லோரும் ஆளுக்கொரு பழப்பையும் ஆளுக்கொரு வாக்கியமும் கொண்டு சென்றோம். "மனத்தை விடாதையும்" என்றார் ஒருவர். "மனம் வைத்தால் முடியாதது ஒன்றுமில்லை" என்றார் மற்றொருவர். நாம் சொன்ன வாக்கியம் இவற்றிலும் பெரிது: "ஒலிம்பிக்கில் ஒருவர் மலையிலிருந்து பறந்து விழுந்து மூன்றாம் நாள் எழும்பித் தங்கம் வென்றவர், தெரியுமோ?" நண்பர் நம்மைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு, "அவர் எப்பிடி எழும்பினவர் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, அறிய விரும்பியே கேட்டார். நம்மிடம் விடை இல்லை. எங்கேயோ பாதி கேட்ட கதையை முழுமருந்தாக அவருக்குக் கொடுத்திருந்தோம்.

வீடு திரும்பியதும் தேடத் தொடங்கினோம். அத்தேட்டத்தின் பயனே இவ்வுரை.

முதலில் அவ்விளையாட்டின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். அல்ப்ஸ் மலைநாடுகளில் வளர்ந்த பனிச்சறுக்குப் போட்டிகளுள் மிக வேகமானது இறக்க ஓட்டம். அதற்கு அடுத்த வேகமுடையது சுப்பர் ஜி. வளைவுகள் மிகுந்தது ஜயன்ட் சிலாலம். அதனினும் நெருங்கிய வளைவுகளை உடையது சிலாலம். இறக்க ஓட்டத்திலே மணிக்கு நூற்றிருபது, நூற்றுமுப்பது கிலோமீற்றர் வேகம் சாதாரணம். 2013 ஆம் ஆண்டு சுவிற்சலாந்திலுள்ள வெங்கென் என்னும் இடத்தில் பிரான்சு தேசத்து யொகான் கிளாரே என்பவர் 161.9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். நமது நெடுஞ்சாலையில் எந்த வாகனத்துக்கும் அனுமதியில்லாத வேகம் இது. இவ்வேகத்திற் செல்பவரைக் காப்பதற்கு ஒரு தலைக்கவசமும், உடையினுள்ளே அணியும் காற்றுப்பையும், ஓரத்திற் கட்டிய வலைகளுமே உள. காலணி இரும்புபோல் இறுகியது. கணுக்கால் அசையாது. பலகை ஒரு பக்கமும் உடல் மறுபக்கமுமாய்த் திரும்பினால் அத்திருப்பம் முழுவதையும் முழங்காலே ஏற்கவேண்டும். ஆகவே இவ்விளையாட்டில் முழங்கால் அறுபடாது நெடுநாள் நின்றவர் அரியர்.

நாம் நண்பருக்குக் கூறிய கதையின் நாயகர் ஒஸ்திரியா தேசத்து ஹெர்மன் மையர். 1998 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆந் திகதி, யப்பானில் நகானோ நகரத்து ஒலிம்பிக் இறக்க ஓட்டத்தில், அவர் ஒரு வளைவிலே நிலைதவறி ஆகாயத்திற் குறுக்காகப் பறந்து, தலைகீழாக வீழ்ந்து, இரண்டு பாதுகாப்பு வேலிகளையும் கடந்துபோய்ப் பனியிற் புதைந்தார். அப்படத்தைக் கண்டவர் எவரும் மறந்திரார். பெப்ரவரி 16 ஆந் திகதி சுப்பர் ஜியில் தங்கப் பதக்கம். 19 ஆந் திகதி ஜயன்ட் சிலாலத்தில் இரண்டாவது தங்கம். கதை உண்மையே. மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்கு "மூன்றாம் நாள் எழுந்தார்" என்ற வாக்கியம் காதில் ஊறியது. அதனாற்றானோ என்னவோ இக்கதையும் நம்முள்ளே உடனே ஒட்டிக்கொண்டது.

ஆனால் இக்கதை எதனைக் காட்டுகின்றது? அவர் விழுந்த இடத்தில் பனி மெதுமையாயிருந்தது. தோளும் முழங்காலும் நொந்தனவேயன்றி எலும்பு முறியவில்லை, நார் அறவில்லை. அவர் எழுந்து நின்று கையசைத்தார். அவருடைய துணிவை நாம் குறைத்துக் கூறவில்லை. அப்படி வீழ்ந்தவன் மூன்று நாளில் மறுபடியும் மலையுச்சியில் நிற்பது இலேசான காரியமன்று. ஆயினும் உடைந்த உடம்பு ஒன்று திரும்பிய கதை அன்று அது. உடையாது தப்பிய உடம்பின் கதை. கால் உடைந்து படுத்திருப்பவருக்கு அதைச் சொன்னது, தேர் கவிழ்ந்து காலிழந்தவனிடம், தேர் கவிழ்ந்தும் கீறலின்றி எழுந்தவனைக் காட்டியது போலாகும்.

மையரின் மெய்யான கதை அதற்கு மூன்றரை ஆண்டின் பின் தொடங்குகின்றது. முன்னும் ஒரு பகுதி உண்டு. அம்முன்பகுதியை விட்டுவிட்டால் பின்பகுதி விளங்காது.

அவர் பிளாக்காவ் என்னும் மலைக்கிராமத்தவர். 1972 ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பதினைந்து வயதளவில் அந்நாட்டின் பேர்போன சறுக்குப் பள்ளியிலிருந்து இவர் திருப்பி அனுப்பப்பட்டார். உடம்பு மெலிது, வளரும் பருவத்து முழங்கால் நோவு வேறு. இவரால் ஆகாது என்பது முடிவு. அதன்பின் இவர் பழகிய தொழில் மேசன் வேலை. கோடையிற் கல்லும் சாந்தும். மாரியில் உல்லாசப் பிரயாணிகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தல். இப்படிப் பல ஆண்டுகள். 1996 ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய சொந்தக் கிராமத்திலேயே உலகக் கிண்ணப் போட்டி ஒன்று நடந்தது. போட்டி தொடங்குமுன் பாதையைப் பரிசோதிக்கச் சிலரை இறக்கி விடுவர். போட்டியாளர் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. பாதையைத் தேய்த்துக் கொடுப்பதே அவர்கள் வேலை. அவ்வாறு இறங்கியவர்களில் ஒருவர் மையர். அவர் எடுத்த நேரம் மெய்யான போட்டியிலாயின் பன்னிரண்டாம் இடத்தைக் கொடுத்திருக்கும். அதன் பின்னரே நாட்டின் பயிற்சியாளர் கண் அவர்மேல் விழுந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. இரண்டு ஆண்டில் ஒலிம்பிக் தங்கம் இரண்டு. 1998, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தின் ஒட்டுமொத்த வெற்றி.

2001 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24 ஆந் திகதி மாலை. பனியுமில்லை, போட்டியுமில்லை. பயிற்சி முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில் ராட்ஸ்டாட் என்ற ஊருக்கு அருகே ஒரு காருடன் மோதினார். வலது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. காலை வெட்டி எடுப்பதா என்று வைத்தியர்கள் ஆலோசிக்கும் நிலை. பல மணி நேரச் சத்திரசிகிச்சையினால் கால் மிஞ்சியது. எலும்பினுள்ளே தைத்தானியம் என்னும் உலோகக் கோல் ஒன்று இறக்கப்பட்டது. அன்றைய கேள்வி அவர் மீண்டும் சறுக்குவாரா என்பதன்று, நடப்பாரா என்பதே.

ஆறு மாதத்தின் பின் 2002 ஆம் ஆண்டுச் சோல்ட் லேக் நகர ஒலிம்பிக் வந்தது, போயிற்று. இரண்டு தங்கங்களை உடையவர் அங்கு போட்டியிடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவருடைய வேலை ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில் மணிக்கணக்காக மிதிப்பதும், பாரந் தூக்குவதும், நடப்பதும். பயன் இன்று தெரியாது, நாளையும் தெரியாது. ஒரு வரிசை வைத்துச் சாந்து காயும்வரை காத்திருந்து அடுத்த வரிசை வைப்பது போன்ற வேலை. மேசன் தொழில் செய்தவருக்கு அது புதிதன்று என்று நாம் எண்ணுகின்றோம். பதினைந்து வயதில் "உன்னால் ஆகாது" என்று கேட்டவர் என்பதும் ஒரு வகையில் அவருக்கு உதவியிருக்கலாம். என்றும் தோல்வியறியாது வளர்ந்த ஒருவரை அக்கட்டில் வேறு விதமாக வாட்டியிருக்கும்.

2003 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆந் திகதி சுவிற்சலாந்தின் அடெல்போடன் மலையில் அவர் மீண்டும் போட்டிக்கு நின்றார். விபத்திலிருந்து ஏறத்தாழப் பதினேழு மாதம். அன்று ஓடியது ஜயன்ட் சிலாலம். முதலோட்டத்தில் முதல் முப்பதின்மருள் வருபவரே இரண்டாம் ஓட்டம் ஓடலாம். மையர் அம்முப்பதின்மருள் வரவில்லை. உலகமெல்லாம் பார்க்க வந்திருந்த அந்நாளில் அவர் பாதி நாளிலேயே வெளியே நின்றார்.

இதனை நாம் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. ஏனெனில் அதன்பின் பதின்மூன்று நாளில், ஜனவரி 27 ஆந் திகதி, ஒஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் மலையில் அவர் சுப்பர் ஜியில் முதலிடம் பெற்றார். கதை சொல்பவர்கள் அந்த ஜனவரி 27 ஐப் பிடித்துக்கொண்டு 14 ஐ விட்டுவிடுகின்றனர். 2004 இல் நான்காம் முறை ஒட்டுமொத்த உலகக் கிண்ணமும், 2006 இல் இத்தாலி தேசத்து தூரின் ஒலிம்பிக்கில் வெள்ளியும் வெண்கலமும் பின்னர் வந்தன. இவற்றை ஒரு வரியிற் கடந்து செல்கின்றோம். நம் நண்பருக்கு வேண்டியவை இவை அல்ல.

அவருக்கு வேண்டியது முழங்காலின் கதை. முழங்காலினுள்ளே தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து இரண்டு நார்கள் ஒன்றையொன்று சிலுவைபோற் குறுக்கிட்டு நிற்கின்றன. முன்னாலுள்ளது அறுந்தால் பெரும்பாலும் தானே ஒட்டிக்கொள்ளாது. ஆகவே வைத்தியர் அம்மனிதருடைய உடம்பிலிருந்தே, முழங்காற் சில்லின் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திருந்தோ, ஒரு நாணைக் கீலமாக எடுத்து அவ்விடத்தில் வைத்துப் பொருத்துவர். இதுவரை நாமும் அறிந்திருந்தோம். நாம் அறியாதவை இரண்டு.

முதலாவது: புதிதாக வைத்த நார் வைத்த நாளிற் பலமாக இருந்து, பின்னர் பலங்குறைகின்றது. அதற்கு இரத்த ஓட்டம் அற்றுப்போகின்றது. உடம்பு அதனுள்ளே புதிய இரத்தக் குழாய்களை மெல்ல வளர்த்து, பழைய இழைகளைக் கரைத்து, புதிய இழைகளை நெய்யவேண்டும். இந்நெசவு பல மாதம் நடக்கும். முற்ற ஓர் ஆண்டுக்கு மேலும் செல்லும். இதில் விபரீதம் யாதெனில், நார் மிக மெலிந்திருக்கும் காலத்திலேயே நோவும் வீக்கமும் தணிந்து, கால் "சுகமாயிற்று" என்று ஆளுக்குத் தோன்றுகின்றது. ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்துக்குத் திரும்பாதே என்று வைத்தியர் சொல்வது பயமுறுத்துவதற்கன்று. அப்போது மனவலிமை மிக்கவனே மிக்க ஆபத்தில் நிற்கின்றான்.

இரண்டாவது: சத்திரசிகிச்சையின் பின் தொடையின் முன்புறத்துத் தசை சில வாரத்திலே மெலிந்து போகின்றது. படுத்திருப்பதால் மாத்திரமன்று. வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் செய்தி நரம்புவழியே அத்தசையை அடக்கி வைக்கின்றது. ஆள் தன் முழுமனத்தோடும் "இறுகு" என்று கட்டளையிடுகின்றான்; தசை இறுகுவதில்லை. கோழைத்தனமன்று, சோம்பலன்று, கட்டளை போய்ச் சேரவில்லை. ஆகவே உலக வீரரானாலும் நமது நண்பரானாலும் முதற் பயிற்சி ஒன்றே: முழங்காலின் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதனைக் கட்டிலோடு அழுத்தி, சிறிது நேரம் பிடித்து விடுதல். மலைமேல் நூற்றுமுப்பது கிலோமீற்றர் வேகத்திற் பாய்ந்தவர் கட்டிலிற் கிடந்து துவாயை அழுத்துகின்றார்.

"மனம் வைத்தால் முடியும்" என்று அவரிடம் சென்று கூறிய நாம், இதைப் படித்த இரவு மிக வெட்கப்பட்டோம். அவர் மனம் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த லின்ட்சி வொன் என்னும் பெண்மணியின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். 2010 ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் இறக்க ஓட்டத்திற் தங்கம் வென்றவர். 2013 பெப்ரவரியில் ஒஸ்திரியாவின் ஷ்லாட்மிங் மலையில் விழுந்து வலது முழங்காலின் நார்கள் அறுந்தன, எலும்பும் உடைந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ரஷ்யாவில் ஒலிம்பிக். அதற்குத் திரும்பவேண்டும் என்ற அவாவோடு உழைத்தார். 2013 நொவெம்பரில், விழுந்து ஒன்பதாம் மாதத்தில், பயிற்சியிலே அதே முழங்கால் மீண்டும் கெட்டது. அதனோடும் டிசெம்பரிற் போட்டியிட்டார், மேலும் கெட்டது. 2014 ஜனவரியில் ஒலிம்பிக்கைக் கைவிட்டார். மறுபடி சத்திரசிகிச்சை, மறுபடி துவாய். அவசரப்படுத்த ஓர் ஒலிம்பிக் இல்லாத அந்த ஆண்டிற்றான் கால் தேறியது. 2015 ஜனவரியில் இத்தாலியின் கோர்ட்டினாவில், பெண்களுள் மிகுதியான உலகக் கிண்ண வெற்றிகள் என்ற அன்னமாரி மோசர் புரோலின் 62 என்ற பழைய எல்லையைக் கடந்தார்.

அவர் வரலாறு அங்கு முடியவில்லை. 2019 இல் ஓய்வு பெற்றார். 2024 இல் வலது முழங்காலின் ஒரு பகுதிக்கு உலோகம் வைத்துக்கொண்டு, ஓய்வை முறித்துத் திரும்பினார். 2025 டிசெம்பரில் நாற்பத்தொரு வயதில் சென் மோரிட்ஸ் மலையில் இறக்க ஓட்டத்தை வென்றார். உலகமே எழுந்து நின்றது. 2026 ஜனவரி இறுதியில் சுவிற்சலாந்தில் விழுந்து இடது முழங்காலின் முன்னார் அறுந்தது. அப்படியிருந்தும் ஒன்பது நாளின் பின் கோர்ட்டினா ஒலிம்பிக்கிலே மலையுச்சியில் நின்றார். புறப்பட்ட சில விநாடிகளில் விழுந்தார். இடது கால் முறிந்தது. அவ்வீழ்ச்சிக்கும் அறுந்திருந்த நாருக்கும் தொடர்பில்லை, வளைவை நெருங்கி எடுத்ததே பிழை என்று அவரே பின்னர் கூறினார். இதனை வீரம் என்பாரும் உளர், பேதைமை என்பாரும் உளர். நம் வீட்டிலேயே இரண்டு கட்சியும் உண்டு. முழங்கால் அவருடையது, தீர்மானமும் அவருடையது. ஆனால் இந்த உதாரணத்தை நோயாளியின் கட்டிலண்டை கொண்டு செல்லமாட்டோம் என்பது மட்டும் இப்போது நமக்கு நிச்சயம்.

அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். கால் தேறியபின் அச்சம் தேறுவதில்லை என்பர். 2007 நொவெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் பீவர் கிறீக் மலையில், நோர்வே தேசத்து அக்செல் லுன்ட் ஸ்விண்டால் ஒரு தாவலிலே நிலைதவறி வீழ்ந்தார். முக எலும்புகள் உடைந்தன; தன் பலகையின் கூர்விளிம்பே தன் உடலை ஆழமாக வெட்டியது. அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. 2008 டிசெம்பரில் போட்டிப் பட்டியல் அவரை அதே மலைக்கே அழைத்தது. விழுந்த மலை, விழுந்த தாவல். அவர் அங்கு இறக்க ஓட்டத்தையும், மறுநாள் சுப்பர் ஜியையும் வென்றார். அச்சம் ஒழிந்தபின் சென்றார் என்று நாம் நினைக்கவில்லை. சறுக்கு வீரர்கள் புறப்படுமுன் கண்ணை மூடிக்கொண்டு, கையை வளைவுக்கு வளைவு அசைத்து, பாதை முழுவதையும் மனத்துள்ளே ஓடிப் பார்ப்பதைத் தொலைக்காட்சியிற் கண்டிருப்பீர்கள். கட்டிலிற் கிடப்பவருக்கும் இந்த ஓட்டம் தடைசெய்யப்பட்டதன்று. நமது பெரியோர் மானசபூசை என்று கூறுவதை இதனோடு ஒப்பிடலாமோ என்று ஒரு கணம் எண்ணினோம், பெரியோர் கோபித்துக்கொள்ளாதிருப்பாராக. கோயிலுக்குப் போக இயலாதவர் மனத்தாற் போகின்றார்; மலைக்குப் போக இயலாதவரும் அப்படியே. ஸ்விண்டாலின் முழங்காலும் 2016 இல் கிட்ஸ்பியூலில் அறுந்தது என்பதையும், 2018 இல் தென்கொரியாவிலே முப்பத்தைந்து வயதில் ஒலிம்பிக் இறக்க ஓட்டத்தில் தங்கம் வென்றார் என்பதையும் கூறி அவரை விடுகின்றோம்.

இனி, எலும்பு முறியாத ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும்.

டான் ஜான்சன் என்பவர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தவர். ஒன்பது பிள்ளைகளுள் கடைக்குட்டி. அவருடையது மலையன்று, பனிக்கட்டித் தளத்திலே கத்திக் காலணி அணிந்து ஓடும் விரைவோட்டம். 1988 பெப்ரவரி 14 ஆந் திகதி கனடாவின் கல்கரி ஒலிம்பிக்கில் ஐந்நூறு மீற்றர் ஓட்டம். அன்று காலை அவருடைய தமக்கையார் ஜேன் இரத்தப் புற்றுநோயாற் காலமானார். சில மணி நேரத்தின் பின் ஜான்சன் தளத்தில் இறங்கி முதல் வளைவிலேயே விழுந்தார். நான்கு நாள் கழித்து ஆயிரம் மீற்றரில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் மீண்டும் விழுந்தார். 1992 இல் பிரான்சிலே நான்காம் இடமும் இருபத்தாறாம் இடமும். 1994 இல் நோர்வேயின் லில்லஹாமர் ஒலிம்பிக்கில், தமக்கையார் இறந்து சரியாக ஆறு ஆண்டு நிறைந்த பெப்ரவரி 14 ஆந் திகதி, அவருக்கே உலக நேர எல்லை உரித்தாயிருந்த ஐந்நூறு மீற்றரில் வழுக்கி எட்டாவதாக வந்தார்.

இவர் காலில் ஒரு குறையுமில்லை. ஒலிம்பிக் தளத்தில் மீண்டும் மீண்டும் ஏதோ ஒன்று அவர் காலை இழுத்தது. அதற்கு எந்த வைத்தியர் நார் வைத்துத் தைப்பார்? அவருடைய மனப்பயிற்சி ஆசிரியர் அவருக்குக் கொடுத்த வேலை பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்டனை எழுத்துப் போன்றது. ஆயிரம் மீற்றர் அவருக்குப் பிடிக்காத ஓட்டம். இறுதியிற் களைத்துவிடுவோம் என்ற எண்ணம் அவருள் ஊறியிருந்தது. ஆயிரம் மீற்றரை நான் விரும்புகின்றேன் என்று நாள்தோறும் எழுதச் செய்தார். முதலில் அது பொய்தான். எழுதுபவரும் அறிவார், எழுதச் சொன்னவரும் அறிவார். எழுதிக்கொண்டே வந்தார். 1994 பெப்ரவரி 18 ஆந் திகதி, அவருடைய கடைசி ஒலிம்பிக் ஓட்டம், ஆயிரம் மீற்றர். இறுதியை நெருங்கிய ஒரு வளைவிற் கால் வழுக்கியது. கை பனியைத் தொடும்போலத் தாழ்ந்தது. பார்த்திருந்தோர் மூச்சடைத்தனர். அவர் விழவில்லை. ஒரு நிமிடம் 12.43 விநாடி, புதிய உலக எல்லை, தங்கம். பின்பு, ஒரு வயதும் நிரம்பாத தம் மகளைக் கையிலேந்திக்கொண்டு தளத்தைச் சுற்றி வந்தார். மகளின் பெயர் ஜேன்.

இக்கதையைப் படித்தபோது நம் கண் கலங்கியதை மறைக்கவில்லை. ஆனாற் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால், அந்நாளிலும் கால் வழுக்கவே செய்தது என்பது தெரிகின்றது. வழுக்காத மனிதராக அவர் மாறிவிடவில்லை.

திரும்பி வராதவர்களைப் பற்றிப் பேசாமல் இவ்வுரையை முடிப்பது நேர்மையன்று. ஒஸ்திரியாவைச் சேர்ந்த உல்ரிக்க மையர், சுப்பர் ஜியில் இரு முறை உலக வாகை சூடியவர், ஒரு பெண் குழந்தையின் தாய், 1994 ஜனவரி 29 ஆந் திகதி ஜெர்மனியிலே இறக்க ஓட்டத்தில் வீழ்ந்து இறந்தார். லில்லஹாமர் ஒலிம்பிக்கில் ஜான்சன் தளத்தைச் சுற்றி வந்ததற்கு மூன்று வாரம் முன்பு. அவருடைய நாட்டவரான மத்தியாஸ் லன்சிங்கர் 2008 மார்ச்சில் நோர்வேயில் வீழ்ந்தார்; இடது கால் முழங்காலின் கீழ் அகற்றப்பட்டது. பின்னர் அவர் ஊனமுற்றோருக்கான ஒலிம்பிக்கிற் சறுக்கிப் பதக்கம் பெற்றார் என்பது உண்மை. அவருடைய கால் திரும்பவில்லை என்பதும் உண்மை. இவர்களுக்கு மனவலிமை குறைவு என்று எவர் சொல்லத் துணிவார்? ஹெர்மன் மையரின் காலைக் காத்தவற்றுள் வைத்தியர் கையும் உண்டு, உடம்பின் இயல்பும் உண்டு, பெயர் வைக்க இயலாத ஒன்றும் உண்டு. நாம் அதனைத் திருவருள் என்போம், நம் பாடசாலைக் குருமார் வேறு பெயராற் கூறுவர், அவரவர் விருப்பம். எப்பெயரிட்டாலும் அது கிடைத்தவரின் சொந்தச் சம்பாத்தியம் ஆகாது.

ஆகவே "மனவலிமை" என்னும் சொல்லைச் சிறிது காலத்துக்குப் பெட்டியிற் பூட்டி வைக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். அதனை நாம் நோயாளிக்குக் கொடுக்கும்போது, தேறினால் நம் வாக்கியத்துக்குப் புகழ், தேறாவிட்டால் அவர் மனத்துக்குப் பழி என்று ஆகிவிடுகின்றது. பரீட்சையிலே தவறிய தம்பிமாருக்கும் நாம் இதனையே செய்கின்றோம் என்பது இதை எழுதும்போது நினைவுக்கு வந்தது. அது வேறொரு கூட்டத்துக்குரிய பொருள். தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கின்றார்கள்.

இவ்வுரையை எழுதி முடித்ததும் நண்பரிடம் கொண்டு சென்று காட்டினோம். அவர் முழுவதையும் படித்தார். தங்கப் பதக்கங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடெல்போடனில் முப்பதின்மருள் வராத அந்தப் பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை படித்தார். பின்பு, "துவாயை எடுத்துத் தாரும்" என்றார்.

இப்போது மாலை வேளைகளில் நாம் இருவர் மூவராக அவர் வீட்டுக்குச் செல்கின்றோம். பழப்பை கொண்டு செல்வதுண்டு. வாக்கியம் கொண்டு செல்வதில்லை. அவர் கட்டிலிற் காலை நீட்டித் துவாயை அழுத்துவார். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து விநாடி எண்ணுவார். மற்றொருவர் எத்தனையாவது முறை என்று கணக்கு வைப்பார். தொடையின் மேல் கையை வைத்துப் பார்த்தால், முதலிற் பஞ்சுபோலக் கிடந்த தசை இப்போது விரலுக்குக் கீழே இறுகுவது தெரிகின்றது. நேற்று முப்பத்திரண்டு முறை.